சென்னையில் தேடப்படுபவர், டெல்லியில் விருந்தினர்

லஸ் முனையில் மெட்ரோ தோண்டிவைத்திருக்கும் பள்ளங்களையும் தடுப்புகளையும் சுற்றிக்கொண்டு, மாலை நேர நெரிசலில் இத்தனை பேர் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வெளியுறவு பற்றிய பேச்சுக்கு இவ்வளவு கூட்டமா என்று அமைப்பாளர்களே கொஞ்சம் மலைத்துப்போயிருக்கிறார்கள்.

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள் இது. நேற்றுவரை துப்பாக்கி ஏந்திக் கிளர்ச்சி செய்தவர்கள் இன்று ஆட்சிப் பீடத்தில் உட்கார்ந்தால், உலகம் அவர்களை எப்போது அரசென்று ஏற்றுக்கொள்கிறது? யார் முதலில் ஏற்கிறார்கள்? எதைக் கேட்டுக்கொண்டு ஏற்கிறார்கள்?

இதெல்லாம் டெல்லி சவுத் பிளாக்கில் பேசவேண்டிய சங்கதி, மயிலாப்பூருக்கு எதற்கு என்று யாருக்காவது தோன்றினால், அவர்கள் முதலில் சூளைமேடு வரை போய்வர வேண்டும்.

1986 நவம்பர் 1, தீபாவளி நாள். சூளைமேட்டில் ஒரு வாய்த்தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், அப்போது ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியில், அதாவது ஈபிஆர்எல்எஃப் இயக்கத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா. பிற்பாடு அவர் இலங்கைக்குப் போனார், தனிக்கட்சி கண்டார், அமைச்சரும் ஆனார். சென்னை நீதிமன்றமோ அவரைத் தேடப்படும் நபர் என்று அறிவித்திருந்தது. 2010 ஜூனில் அதிபர் மகிந்த ராஜபக்ச டெல்லிக்கு வந்தபோது, உடன் வந்த குழுவில் தேவானந்தாவும் இருந்தார். பிரதமர் மன்மோகன் சிங்கோடு கைகுலுக்கினார். செய்தி வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள்.

சென்னையில் தேடப்படுபவர், டெல்லியில் விருந்தினர். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே ஆள். இதில் யார் செய்தது தவறு? நீதிமன்றமா? பிரதமர் அலுவலகமா? கிளர்ச்சிக்காரர் ஆட்சியாளராக மாறும்போது உலகம் அவருக்கு இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்கிறது. ஒன்று பழைய கோப்பு, மற்றொன்று புதியது. எந்த நாளில் எந்தக் கோப்பைப் பிரிப்பது என்பதை, பிரிக்கிறவரின் தேவைதான் தீர்மானிக்கிறது. இன்றைய பேச்சு முழுக்க இந்த இரண்டு கோப்புகளைப் பற்றியதுதான்.

எண்பதுகளின் சென்னை நினைவிருப்பவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். 1982 மே 19-ஆம் தேதி தியாகராய நகர் பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகளின் பிரபாகரனும் ப்ளாட் இயக்கத்தின் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இருவரும் பிடிபட்டுப் பிறகு பிணையில் வந்தார்கள். அடையாறு இந்திரா நகரில் புலிகள் இருந்தார்கள். கோடம்பாக்கத்தில் ஈபிஆர்எல்எஃப். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, மளிகைக் கடையில் கணக்கு வைத்து, நம் தெருக்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு கூட்டம் ஓர் அரசாங்கத்தையே அமைத்தது. பலருக்கு அது மறந்தே போய்விட்டது. அதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வெற்றிக் கதையைச் சொல்லிவிட வேண்டும். அளந்து பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டுமே.

1971 ஏப்ரல் 17. வங்கதேசத்தின் மெஹர்பூர் பகுதி, வைத்யநாததலா என்ற ஊரின் மாந்தோப்பு. அங்கே ஓர் அரசு பதவியேற்றது. ஷேக் முஜிபுர் ரஹ்மான் குடியரசுத் தலைவர். ஆனால் அவர் பாகிஸ்தான் சிறையில். சையது நஸ்ருல் இஸ்லாம் தற்காலிகத் தலைவர், தாஜுதீன் அகமது பிரதமர். அந்த இடத்துக்கு முஜிப்நகர் என்று பெயர் வைத்தார்கள். அரசு நடந்தது என்னவோ கல்கத்தா தியேட்டர் சாலை எட்டாம் எண் வீட்டிலிருந்து. மறுநாளே கல்கத்தாவிலிருந்த பாகிஸ்தான் துணைத் தூதர் ஹுசைன் அலி தம் வங்காளிப் பணியாளர்களோடு கட்சி மாறினார். தூதரகக் கட்டடத்தில் பாகிஸ்தான் கொடி இறங்கியது, வங்கதேசக் கொடி ஏறியது.

இந்தியா இடம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது, ஆயுதம் கொடுத்தது. அங்கீகாரம் கொடுத்ததா? கொடுக்கவில்லை. தாஜுதீன் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். ஏப்ரல் போனது, மே போனது, மழைக்காலமும் போனது. டிசம்பர் 3-ஆம் தேதி போர் வெடித்தது. டிசம்பர் 6-ஆம் தேதிதான் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே நாளில் பூடானும் அங்கீகரித்தது. எட்டு மாதம் பொறுத்ததற்குக் காரணம் எளிது. முன்னாலேயே அங்கீகரித்திருந்தால் அது அண்டை நாட்டைப் பிளக்கும் சதி என்ற குற்றச்சாட்டாகத் திரும்பியிருக்கும். போர் வந்தபின் இழக்க எதுவும் இல்லை.

பிறகு கதவுகள் மளமளவென்று திறந்தன. 1972 பிப்ரவரியில் பிரிட்டன், ஏப்ரலில் அமெரிக்கா. சீனா மட்டும் 1972 ஆகஸ்டில் ஐ.நா. உறுப்பினர் மனுவை வீட்டோ செய்தது. பாகிஸ்தானே 1974 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அந்தச் செப்டம்பரில் ஐ.நா.வில் இடம் கிடைத்தது. சீனா 1975 ஆகஸ்ட் 31-இல் அங்கீகரித்தது, முஜிப் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கழித்து.

இப்போது திருகோணமலைக்கு வருவோம்.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைந்த ஒரே மாகாணம், அதற்கு ஒரு மாகாண சபை என்பது ஏற்பாடு. இந்திய அமைதிப்படை போனது, அக்டோபரில் புலிகளோடு சண்டையும் மூண்டது. அந்த நிலையில் 1988 நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் நடந்தது. புலிகள் புறக்கணித்தார்கள். வடக்கின் 36 இடங்களுக்கு வாக்குப்பதிவே இல்லை; ஈபிஆர்எல்எஃப் 24, இன்னொரு ஈழ இயக்கமான ஈஎன்டிஎல்எஃப் 12 என்று போட்டியின்றி எடுத்துக்கொண்டார்கள். கிழக்கில் நவம்பர் 19-ஆம் தேதி மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அங்கே ஈபிஆர்எல்எஃபுக்கு 17, முஸ்லிம் காங்கிரசுக்கும் 17, ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்று. டிசம்பரில் ஈபிஆர்எல்எஃபின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். சில ஆண்டுகள் முன்புவரை தலைமறைவாக அலைந்த இயக்கம், இப்போது மேசையும் முத்திரையும் கோப்பும் வைத்து ஆட்சி நடத்தியது.

ஆட்சி என்றா சொன்னோம்? கொழும்பு நிதியையும் தரவில்லை, அதிகாரத்தையும் தரவில்லை. 1989-இல் அதிபரான பிரேமதாசா அமைதிப்படையை வெளியேறச் சொன்னார். புலிகளோடு பேசினார், அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். இந்தப் பக்கம் ஈபிஆர்எல்எஃப் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தெருவில் பிடித்து, துப்பாக்கியைக் கையில் திணித்தது. இதை மூடிமறைக்கத் தேவையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது அரசாகவா தெரிந்திருக்கும்? உள்ளூரில் மதிப்பைத் தொலைத்த அரசு, வெளியூரில் மதிப்புத் தேடிப் போக நேர்ந்தது.

1990 மார்ச் 1. அமைதிப்படைக் கப்பல்கள் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். மாகாண சபையில் வரதராஜப் பெருமாள் சுதந்திர ஈழத்தைப் பிரகடனம் செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். உலகத்தில் எத்தனை நாடு அங்கீகரித்தது? ஒன்றுகூட இல்லை. சபையை உருவாக்கப் பாடுபட்ட இந்தியாவே வாய் திறக்கவில்லை. பிரேமதாசா சபையைக் கலைத்து நேரடி ஆட்சியைக் கொண்டுவந்தார். மார்ச் 24-ஆம் தேதி கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் படைகள் வந்திறங்கியபோது வரவேற்கப் போகவில்லை முதலமைச்சர் கருணாநிதி. பெருமாள் இந்தியாவுக்கு வந்து, வட இந்தியாவில் பாதுகாப்போடு பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். தொண்டர்கள் பலர் ஒடிசாவின் மல்கான்கிரி வரை போய் முகாமிட்டார்கள். அந்த ஜூன் 19-ஆம் தேதி, கோடம்பாக்கம் சக்கரியா காலனியில், இயக்கத்தின் பொதுச் செயலாளர் பத்மநாபாவும் தோழர்களும் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தி.நகரிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

முஜிப்நகருக்கும் திருகோணமலைக்கும் என்ன வேறுபாடு? இரண்டுக்கும் பின்னால் நின்றது அதே இந்தியப் படை. வங்கத்தில் இந்தியாவுக்கு அந்த அரசு தேவைப்பட்டது: ஏறத்தாழ ஒரு கோடியாக வந்த அகதிகளைத் திருப்பி அனுப்ப அதைவிட்டால் வழியில்லை. திருகோணமலை அரசு இந்தியாவுக்குத் தேவையாக இருந்தது படை அங்கே இருந்தவரைதான். போதாக்குறைக்கு, இந்தியா தன் கையெழுத்திலேயே இலங்கையின் ஒருமைப்பாட்டை ஏற்றிருந்தது. வங்கத்து அரசுக்குப் பின்னால் 1970 தேர்தலில் வென்ற கட்சியும் ஒரு மக்கள் திரளும் இருந்தன. திருகோணமலை அரசுக்குப் பின்னால் போட்டியில்லாமல் கிடைத்த இடங்கள் இருந்தன. அடுத்தவர் படையை நம்பி அமைந்த அரசு, படை கப்பலேறிய நாளிலேயே அநாதையானது.

இங்கே ஓர் இடைச்செருகல். அங்கீகரிக்கிறவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அமைத்தார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த கேப்டன் லட்சுமி அதில் அமைச்சர். ஒன்பது அரசுகள் அங்கீகரித்தன. ஜப்பான், ஜெர்மனி தவிர ஏனையவற்றில் பெரும்பாலானவை அந்த இருவர் தயவில் நின்றவை. போர் முடிந்தபோது அங்கீகாரத்தோடு அங்கீகரித்தவர்களில் பலரும் காணாமல்போனார்கள்.

சரி, 1988-க்கே திரும்புவோம். திருகோணமலையில் ஓர் இயக்கம் தேர்தலில் நின்ற அதே மாதங்களில், தெற்கே இன்னோர் இயக்கம் என்ன செய்துகொண்டிருந்தது? அதன் பெயர் ஜனதா விமுக்தி பெரமுன. ஜேவிபி.

1971 ஏப்ரலில் ரோகண விஜேவீர தலைமையில் காவல் நிலையங்களைத் தாக்கிய கட்சி அது. அதை அடக்க இலங்கைப் பிரதமர் சிறிமாவோ இந்தியாவிடமும் உதவி கேட்டார். தொண்டர்களுக்கு ஜேவிபி நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பே இந்திய விஸ்தரிப்புவாதம். 1987 ஒப்பந்தம் வந்ததும் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். இந்தியப் பொருளை வாங்காதே, விற்காதே என்று கட்டளை போட்டார்கள். இந்திய மருந்தையும் பம்பாய் வெங்காயத்தையும் விற்ற கடைக்காரர்களுக்கு உயிருக்கே உத்தரவாதமில்லை. ஓட்டுப் போடப் போனால் கொல்வோம் என்றார்கள், கொன்றார்கள். அரசும் விடவில்லை. பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்தில் மாணவராகக் கட்சியில் சேர்ந்தவர் அநுர குமார திசாநாயக்க. 2014-இல் தலைமைக்கு வந்த அவர், அந்தப் பழைய கொலைகளுக்காக வருத்தம் தெரிவித்தார். இந்தக் கட்சிதான் வடகிழக்கு இணைப்பு செல்லாது என்று வழக்குப் போட்டு, 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வாங்கியது. ஈபிஆர்எல்எஃப் ஆண்ட மாகாணத்தைச் சட்டத்தால் இரண்டாக்கியவர்கள் ஜேவிபியினர்.

2024 செப்டம்பர் 21. அதிபர் தேர்தல். அநுர வென்றார். 23-ஆம் தேதி பதவியேற்றார். நவம்பரில் ஜேவிபி தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு 225-இல் 159 இடங்கள். யாழ்ப்பாணம் மாவட்டத்தில்கூட ஆறில் மூன்று. எந்த நாடாவது இந்த அரசை அங்கீகரிப்பதா வேண்டாமா என்று யோசித்ததா? கேள்வியே எழவில்லை. அக்டோபர் 4-ஆம் தேதி இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில். டிசம்பரில் அநுரவின் முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு, சிவப்புக் கம்பளம். மறு ஏப்ரலில் மோடி கொழும்பில். பம்பாய் வெங்காயத்துக்குத் தடை போட்ட கட்சியின் தலைவர், இந்தியப் பிரதமருக்கு நாட்டின் உயரிய விருதை அணிவித்தார்!

ஓட்டுப் பெட்டி வழியாக வந்தவரிடம் பழைய கோப்பை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெல்லி அவரை அழைத்தது வென்றபிறகு அல்ல. 2024 பிப்ரவரியிலேயே, மூன்றே எம்.பி. வைத்திருந்த கட்சித் தலைவராக இருந்தபோதே அழைத்து, ஜெய்சங்கரையும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவலையும் சந்திக்கவைத்து, குஜராத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் கூட்டிப்போனது. தமிழ்நாட்டுக்குக் கூட்டிவரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஓட்டும் இல்லை, அண்டை நாட்டுப் படையும் இல்லை. துப்பாக்கி முனையிலேயே தலைநகரைப் பிடிப்பது. காபூல், 2021 ஆகஸ்ட் 15.

தாலிபானின் முதல் ஆட்சியை, 1996 முதல் 2001 வரை, அங்கீகரித்தவை மூன்றே நாடுகள்: பாகிஸ்தான், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம். ஐ.நா. இருக்கை பழைய ரப்பானி அரசிடமே இருந்தது. இந்தியா அங்கீகரிக்கவில்லை. அதன் விலை 1999 டிசம்பரில் தெரிந்தது. கடத்தப்பட்ட ஐசி 814 விமானம் காந்தஹாரில் இறங்கியபோது, அங்கே பேச நமக்குத் தூதரகம் இல்லை, தெரிந்த முகம் இல்லை. கடைசியில் வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே, விடுதலையான மூன்று பயங்கரவாதிகள் ஏறிய விமானத்தில் காந்தஹாருக்குப் போகவேண்டியிருந்தது.

அந்தப் பாடம் சவுத் பிளாக்குக்கு மறக்கவில்லை. காபூல் விழுந்து இரண்டே வாரத்தில் தோஹாவில் இந்தியத் தூதர் தீபக் மித்தல் தாலிபானின் ஸ்தானிக்சாயைச் சந்தித்தார். ஸ்தானிக்சாய் யார் தெரியுமா? எண்பதுகளில் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்றவர்! 2022 ஜூனில் தொழில்நுட்பக் குழு என்ற பெயரில் இந்தியா காபூலில் மறுபடி கால்வைத்தது. 2023 நவம்பரில், டெல்லியிலிருந்த பழைய ஆப்கன் குடியரசின் தூதரகம் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. 2025 ஜூலையில் ரஷ்யா முதல் நாடாக முழு அங்கீகாரம் கொடுத்தது. அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி, ஐ.நா. பயணத்தடையிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு டெல்லிக்கு வந்தார். அக்டோபர் 10-ஆம் தேதி ஜெய்சங்கர் அறிவித்தார்: தொழில்நுட்பக் குழு இனிமேல் தூதரகம்.

அங்கீகாரம் என்ற சொல் அறிவிப்பில் இல்லை. ஆனால் தூதரகம் உண்டு. இதுதான் இந்தக் காலத்து வித்தை. சீனா 2024 ஜனவரியில் தாலிபான் தூதரின் நியமனப் பத்திரத்தை வாங்கிக்கொண்டது. அங்கீகரித்தோம் என்று சொல்லவில்லை. பேச்சு உண்டு, விசா உண்டு, வியாபாரம் உண்டு, பெயர் மட்டும் கிடையாது. நியூயார்க்கில் முடக்கப்பட்ட ஏறத்தாழ 700 கோடி டாலர் ஆப்கன் பணம், ஐ.நா. இருக்கை போன்ற பெரிய சாவிகள் மட்டும் இன்னும் அவர்கள் கைக்குப் போகவில்லை.

டெல்லியில் நடந்த ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். ஆப்கன் தூதரக வளாகத்தில் முத்தகியின் பத்திரிகையாளர் சந்திப்பு. அவர் முன்னால் மேசையில் சின்னதாகத் தாலிபான் கொடி. பெண் செய்தியாளர் ஒருவருக்குக்கூட உள்ளே இடமில்லை, இந்தியத் தலைநகரில்! ஆண் செய்தியாளர்கள் எழுந்து வெளியேறியிருக்க வேண்டும் என்றார் ப. சிதம்பரம். எதிர்ப்பு வலுத்ததும் இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்பு வைத்தார்கள். அதில் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆப்கன் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.

செய்தியாளர்கள் கேட்டதை, அரசு கேட்டதா? இந்தியாவுக்கு எதிராக ஆப்கன் மண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டது, உறுதியும் வாங்கியது. அது கேட்கவேண்டியதே. பள்ளிக்கூடம் பற்றி வெளிப்படையாக எதுவும் வரவில்லை. தாலிபானோடு பேசவே கூடாது என்பவர்களோடு உடன்பட முடியாது. காந்தஹார் அனுபவம் போதும். ஆனால் தூதரகம் என்ற விலைமதிப்புள்ள பொருளைக் கொடுக்கும்போது பதிலுக்குக் கேட்கவேண்டிய பட்டியல் இவ்வளவு சிறியதா? கொடுத்தபிறகு கேட்க என்ன மிச்சமிருக்கிறது?

எல்லாருக்கும் இந்த வரிசை ஒரே வேகத்தில் நகர்வதில்லை. நேபாளத்தில் பிரசண்டா 2008-இல் பிரதமரானார். அவர் கட்சியை அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலிலிருந்து எடுக்க 2012 ஆனது. சிரியாவின் அகமது அல் ஷராவோ 2024 டிசம்பரில் டமாஸ்கஸைப் பிடித்தார். தலைக்கு அமெரிக்கா வைத்திருந்த ஒரு கோடி டாலர் பரிசு அதே மாதம் நீங்கியது. 2025 நவம்பரில் வெள்ளை மாளிகையிலேயே விருந்தினர். அல் கொய்தா வரலாறு கொண்ட ஷராவுக்கு ஓராண்டு, தாலிபானுக்கு நான்காண்டு கழித்தும் பாதிக் கதவு. ஈரானை விலக்கிவைக்க ஷரா தேவைப்பட்டார். பழைய கோப்பு எவ்வளவு தடிமன் என்பதை யார் பார்த்தார்கள்?

கடைசியாக மறுபடி இலங்கை. ஒரு காலத்தில் மாகாண சபையே வேண்டாமென்று ரத்தம் சிந்திய கட்சி இன்று அந்த நாட்டை ஆள்கிறது, உலகமே ஏற்ற அரசாக. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017-இலும், 2013-இல் விக்னேஸ்வரன் வென்ற வடக்கு மாகாண சபையின் காலம் 2018-இலும் முடிந்தன. அதன்பின் அங்கே ஆளுநர்தான் ஆள்கிறார். 2024 டிசம்பரில் அநுரவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, மாகாண சபைத் தேர்தல் நடக்கும் என்று நம்புவதாக மோடி சொன்னார். மறு ஏப்ரலில் கொழும்பில் ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, மின்சார இணைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. மாகாண சபைத் தேர்தலுக்கு மட்டும் தேதி வரவில்லை. அந்தத் தேதியைக் கேட்க வேண்டிய இடம் டெல்லி. டெல்லியைக் கேட்க வைக்க வேண்டியவர்கள், இந்த அவையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான், தமிழ்நாட்டு வாக்காளர்கள்.